நீரும் நீறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, அலை வந்து மோதுகின்ற கல்லடுக்கின் ஓரத்தில் ஒரு நன்னீர்க் கேணி இருக்கின்றது. கட்டுக்கு அப்பால் உவர்க்கடல். கட்டுக்கு உள்ளே நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நன்னீர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் இங்கே பிதிர்க்கடன் கழித்து, கடலிலும் கேணியிலும் நீராடிக் கரையேறுவர். ஏறியவர் ஈரக்கையிற் சிறிது திருநீற்றை இட்டுக் குழைத்து, சுட்டுவிரல், நடுவிரல், அணிவிரல் மூன்றினாலும் நெற்றியில் இழுப்பர். இழுத்த கணத்தில் அங்கே தெளிவாக ஒன்றும் தெரிவதில்லை. மங்கிய சாம்பல் நிறத்தில் ஓர் ஈரத்தடம் மாத்திரம் தெரியும். கடற்காற்று வீசவீசச் சில நிமிடங்களில் அத்தடம் வெளுத்து எழுகின்றது. நீர் போகப்போக நீறு தோன்றுகின்றது. உற்றுநோக்குவோர் இன்னொன்றையும் காணலாம். ஒவ்வொரு கோட்டிலும் நடுப்பகுதியிலும் பார்க்க இரு விளிம்புகளுமே கூடுதலாக வெளுத்திருக்கும்.

இந்த விளிம்பு வெண்மையிற் பாதி விரலின் வேலை. விரல் அழுத்தி இழுக்கும்போது குழைந்த நீறு இருபுறமும் ஒதுங்குகின்றது. மற்றைப் பாதி விரலினால் ஆவதன்று. அது நீரின் வேலை. மேசையிற் சிந்திய கோப்பித்துளியை எந்த விரலும் தொடுவதில்லை. ஆயினும் அது காய்ந்தபின் நடுவே வெளிறியும் சுற்றிலும் கருவளையமாகவும் நிற்கின்றது. மழை ஒழுகிய வெள்ளைச்சுவரிற் கறையின் எல்லைதான் கடுமையாகத் தெரிகின்றது. மை சிந்திய கடதாசியிலும், சேற்றுநீர் தெறித்த வேட்டியிலும் இதுவே நிலை. நுண்ணிய துணிக்கைகள் கலந்த நீர் உலரும்போது தன் சுமையைச் சமமாகப் பரப்பிவிட்டுச் செல்வதில்லை. பெரும்பாலும் விளிம்பிற் கொண்டுபோய்க் குவித்துவிட்டே செல்கின்றது. வீடுதோறும் நாள்தோறும் நடக்கும் இக்காரியத்துக்குச் சரியான காரணம் சொல்லப்பட்டது 1997 ஆம் ஆண்டிலேதான். அணுவைப் பிளந்து, சந்திரனிற் கால்வைத்து, அதன்பின் பல ஆண்டுகள் சென்றபிறகே அறிஞருலகம் மேசையிலிருந்த கறையைக் குனிந்து பார்த்தது.

ஆனால் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, காரணம் இன்னதென்று கேளாமல், இக்குணத்தை அடக்கியும் பயன்கொண்டும் தொழில் செய்தோர் இருந்தனர். சுண்ணாம்புச் சூளைக்காரர், வெள்ளையடிப்போர், பனாட்டு இடும் பெண்கள் ஆகியோரின் கைப்பழக்கத்தில் அவ்வறிவு குடியிருந்தது. அதன் வரலாற்றை விசாரிக்கக் கீரிமலை ஏற்ற இடமாகும். நீர், கல், சுண்ணம், சாம்பல் என்னும் நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஊர் அது.

ஊரின் பெயர்க்கதை பலரும் அறிந்தது. கீரிமுகங்கொண்ட முனிவர் ஒருவர் இங்கே நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்பது வடமொழியிற் கீரி. ஆகவே முனிவர் நகுலமுனிவர், இறைவன் நகுலேசுவரன், ஊர் கீரிமலை. குதிரைமுகம் வாய்க்கப்பெற்ற சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லியும் இத்தீர்த்தமாடி நலம் பெற்றாள் என்றும், மாவின் முகம் விட்டதனால் அயலூர் மாவிட்டபுரம் ஆயிற்று என்றும் சொல்வர். கதைகளின் மெய்ம்மை எவ்வாறாயினும், இரண்டும் நீரிலே வந்து முடிவது கவனிக்கத்தக்கது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நாட்டில், கடலின் மடியிலே நன்னீர் ஊறுவது மக்களுக்கு அற்புதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மலை என்னும் பெயரோ சற்று மிகையானது. தட்டையான குடாநாட்டில் சில பத்தடி உயர்ந்த கல்மேடும் மலையாகிவிடுகின்றது. 1619 இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசர் கைப்பட்ட பின்னர் இங்கிருந்த பழைய கோயில் இடிக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் காலத்தில் எழுந்த முயற்சியின் பயனாக, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மீண்டும் எழுந்தது.

அம்மேட்டின் கல் சுண்ணக்கல். 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த மயோசீன் காலத்திலே, ஆழமில்லாக் கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியது அக்கல். மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொண்டு கல்லின் வெடிப்புகளில் இறங்குகின்றது. அதனால் மெல்லிய அமிலத்தன்மை பெற்ற நீர், கல்லைக் கரைத்துப் பிளவுகளை அகலித்து, நிலத்தடியில் வழிகளை அமைத்துக்கொள்கின்றது. அவ்வழிகளுள் ஒன்று கடலோரத்தில் வாய்திறந்த இடமே கீரிமலைக் கேணி.

அந்நீர் கண்ணுக்குத் தெளிவானது, ஆனால் வெறுமையானதன்று. கரைந்த கல்லைச் சுமந்துகொண்டே அது வருகின்றது. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தில் வெண்மையான ஓடு படிவதை யாழ்ப்பாணத்து இல்லங்களில் அறியாதார் இல்லை. நீர் சூடேறும்போது கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்த கல் மீண்டும் கல்லாகின்றது. அதே நீரின் ஒரு துளியைக் கண்ணாடித்தட்டில் விட்டு வெறுமனே காயவிட்டாலும், கல் நுண்பொடியாகப் பிரிந்து வெண்வளையமாக நிற்கும். கழுவித் துடையாமல் கவிழ்த்துவைத்த மூக்குப்பேணியிற் காணும் வெண்புள்ளிகள் அவ்வாறு பிறந்தவையே.

தமிழில் ‘நீறு’ என்னுஞ் சொல் சாம்பலையும் குறிக்கும், புழுதியையும் குறிக்கும், நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும். நுண்பொடி என்பதே இவை மூன்றுக்கும் பொதுவான இயல்பு. சுண்ணக்கல்லையோ கடலோரத்து முருகைக்கல்லையோ சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் எரிக்கும்போது அதிலுள்ள காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகின்றது. அதன்மேல் நீர் தெளித்தால் அது சீறிச் சூடேறி, வெடித்து, மாவாக உதிர்கின்றது. இதனையே நீற்றுதல் என்பர். அம்மாவைக் கரைத்துச் சுவரிற் பூசினால், அது வளியிலிருந்து இழந்த பொருளைச் சிறிதுசிறிதாக மீளப்பெற்று மறுபடியும் சுண்ணக்கல்லாகின்றது. வெள்ளையடித்த வீட்டுச்சுவர், வேதியியல் முறையில் நோக்கினால், கீரிமலைக் கல்லின் மெல்லிய படலமே. ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்கள் முருகைக்கல்லும் சுண்ணச்சாந்துமாக எழுந்தன.

வெள்ளையடிப்பதை எளிய கூலிவேலை என்று எண்ணுவோர் அத்தொழிலைக் கிட்டநின்று பாராதவர். நீற்றிய சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்து, துணியில் வடித்துத் திப்பி நீக்கிய பின்னரே தும்புத் தூரிகை தொடப்படும். சுவரை முதலில் நீரால் நனைப்பர். காய்ந்த சுவர் நீரை உறிஞ்சிக்கொண்டு, பிடிப்பில்லாத பொடியை வெளியே விட்டுவிடும். தொட்டாற் கையில் ஒட்டும். உச்சிவெயில் நேரே படும் சுவரைத் தவிர்த்து, நிழல் திரும்பும் வேளையில் அதனைத் தொடங்குவர். ஒருமுறை தடிப்பாகப் பூசாமல், மெல்லியதாகப் பலமுறை பூசுவர். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு: ஓர் இழுப்பின் ஓரம் காய்வதற்கு முன்பே அடுத்த இழுப்பு அதனோடு சேரவேண்டும். இடையிலே வெற்றிலை போடச் சென்றவனின் சுவரில், விட்ட இடத்திற் கோடு விழுந்திருக்கும். மறுநாள் எத்தனை முறை பூசினாலும் அக்கோடு எளிதில் மறைவதில்லை. காய்ந்த ஓரத்திற் சுண்ணம் குவிந்து தடித்துவிட்டமையே அதற்குக் காரணம். கோப்பித்துளி மேசையிற் செய்வதை நின்றுபோன தூரிகை சுவரிற் செய்கின்றது.

பனாட்டு இடுவோரும் இதே அறிவை வேறொரு பொருளிற் காட்டுகின்றனர். பனம்பழத்தைப் பிசைந்து பிழிந்தெடுத்த களியைப் பாயில் மெல்லிய படையாகப் பரவி வெயிலில் உலர்த்துவர். அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படை. பின்னர் அதற்கு மேலே ஒன்று. ஒரே நாளில் முழுத்தடிப்பையும் ஊற்றிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றலாம். ஆனால் தடித்த படையின் மேற்பரப்பு முதலிற் காய்ந்து சுருங்க முயலும். அடியிலுள்ள ஈரமோ அதற்கு இடங்கொடாது. அந்த இழுபறியில் எழும் விசை தாங்காமல் மேற்பரப்பு வெடிக்கும், உட்புறம் புளிக்கும். படை போதிய அளவு மெல்லியதாக இருந்தால் வெடிப்பதற்கு வேண்டிய விசையே அதிற் சேர்வதில்லை. எந்தப் பொருளுக்கும் இவ்வளவு தடிப்புக்குக் கீழே வெடிப்பு இல்லை என்றோர் எல்லை உண்டென்பதைப் பிற்காலத்தில் ஆய்வுகூடங்கள் அளந்து கண்டன. பாயின்மேல் களி வார்த்த கை அந்த எல்லையை அறிந்திருந்தது.

இனித் திருநீறு. பசுவின் சாணத்தை உருட்டி உலர்த்தி, பதரிட்டு மூட்டிய தீயிற் சுட்டு, வெந்த சாம்பலை வஸ்திரகாயம் செய்து எடுப்பது மரபு. வஸ்திரகாயம் என்பது மெல்லிய துணியிற் சலித்தல். பரும்படியானவை துணியில் நின்றுவிட, நுண்ணியவை மாத்திரம் கீழிறங்கும். சைவநூல்கள் நீறணியும் முறையை இரண்டாக வகுக்கின்றன: வறண்ட பொடியாகப் பரவப் பூசுவது உத்தூளனம்; மூன்று கோடாக இடுவது திரிபுண்டரம். கோடு தெளிவாக விழ நீரிற் குழைப்பது உதவுகின்றது. குழைத்த நீறு முதலில் மங்கித் தெரிவதும் பின் வெளுப்பதும் ஏன்? உலர்ந்த பொடியின் மணிகளுக்கிடையே வளி இருக்கின்றது. ஒளி மணியிலிருந்து வளிக்கும் வளியிலிருந்து மணிக்கும் மாறிமாறிச் செல்லும்போது திசைகெட்டுச் சிதறுகின்றது. எல்லா நிறமும் ஒருசேரச் சிதறுவதே வெண்மை. இடைவெளிகளை நீர் நிரப்பினாலோ, மணிக்கும் நீருக்கும் ஒளி செல்லும் வகையில் வேறுபாடு குறைவு. ஆகவே ஒளி பெருமளவு ஊடுருவிச் சென்று தோலின் நிறத்தையே காட்டுகின்றது. தமிழ்நாட்டில் அரிசிமாவைக் கரைத்து இழைக்கோலம் இடும் பெண்கள், இழுத்த இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலிருக்கும்போதே வளைவுகளை முடிக்கின்றனர். காய்ந்த பின்னரே அவர்களின் கைவண்ணம் தரையில் முழுமையாகத் தெரியும்.

இத்தகைய கைப்பழக்கங்கள் இருந்தும் அறிவியல் ஏன் இவ்வளவு பிந்தியது? காரணம் எளிது. எல்லாரும் தமக்கொரு விடை இருப்பதாகவே எண்ணிக்கொண்டனர். துணிக்கைகள் ஒன்றையொன்று கவர்வதாகச் சிலர் கருதினர். பரப்பிழுவிசையின் செயல் என்று சிலர் கருதினர். திரவப்பரப்பில் நிகழும் விந்தையான ஓட்டங்களை யேம்சு தொம்சன் 1855 இல் ஆராய்ந்திருந்தார். இத்தாலியரான கார்லோ மரங்கோனி 1865 இல் அதனை விரித்தெழுதினார். அவ்வோட்டங்கள் இன்றும் மரங்கோனியின் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் அவர்கள் நோக்கியது திராட்சைமதுவின் பரப்பையும் எண்ணெய்ப் படலத்தையும். காய்ந்த கறை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதிக்கப்படவில்லை.

சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் இரொபேட்டு டீகன், சிட்னி நாகல், தோமசு உவிற்றன் முதலிய அறுவர் 1997 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட சிறு கட்டுரை அந்நிலையை மாற்றியது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் கோப்பிக்கறை. ஆகவே இவ்விளைவு உலகெங்கும் கோப்பி வளையம் என்றே பெயர்பெற்றுவிட்டது. ஒரு காலத்தில் கோப்பியால் செழித்து, 1869 இல் தோன்றிய இலைநோயினால் அப்பயிரை இழந்து தேயிலைக்கு மாறிய இலங்கையில், அப்பெயர் சற்றுப் பழைய நினைவைக் கிளறக்கூடும். தேநீரும் அதே வளையத்தைத்தான் விடுகின்றது.

அவர்கள் சொன்ன காரணம் இது. தட்டில் இருக்கும் துளியின் விளிம்பு, தட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொண்டு ஓரிடத்திலே நிலைத்துவிடுகின்றது. துளி வற்றும்போது அதன் உயரம் குறையலாம். அகலம் குறைய விளிம்பு இடங்கொடாது. விளிம்பிலோ நீர்ப்படை மிக மெல்லியது. அங்கிருந்து எழும் ஆவி பக்கமெங்கும் எளிதிற் பரவிச் செல்ல முடிவதால் வற்றலும் அங்கேதான் விரைவு. மெல்லிய இடம் விரைவாக வற்ற, அதே வேளையில் அது இடம்பெயராமலும் இருக்கவேண்டுமானால், இழந்த நீரை நடுவிலிருந்து எவ்வாறேனும் நிரப்பியாகவேண்டும். ஆகவே துளியினுள்ளே நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓர் ஓட்டம் ஓயாமல் நடக்கின்றது. துணிக்கைகள் அவ்வோட்டத்தில் அள்ளுண்டு வந்து விளிம்பிற் சேர்கின்றன. நீர் ஆவியாகித் தப்பிவிடுகின்றது. துணிக்கைக்கு அவ்வழி இல்லை. சேர்ந்த துணிக்கைகள் சிறு வரம்பாக நின்று, விளிம்பை முன்னையிலும் உறுதியாகப் பிணிக்கின்றன. துளி முழுவதும் வற்றுந் தறுவாயில் ஓட்டம் கடுவேகம் கொள்கின்றது. கடைசிப் படகைப் பிடிக்க ஓடும் கூட்டத்தைப் போல எஞ்சிய துணிக்கைகள் ஒழுங்கின்றி முண்டியடித்து விளிம்பில் வந்து விழுவதைப் பின்வந்தோர் நுணுக்குக்காட்டியிற் கண்டனர்.

விளக்கம் அழகாக இருப்பது போதாது, சோதனை வேண்டும். அவர்கள் துளியை மூடி, மூடியின் நடுவில் மட்டும் ஒரு சிறு துளையிட்டனர். ஆவி இப்போது ஓரத்தால் விரைந்து செல்ல வழியில்லை. வளையம் தோன்றவில்லை, கறை பரவலாகப் படிந்தது. விளிம்பு பற்றிக்கொள்ள முடியாத வழுவழுப்பான பரப்பில் துளியை வைத்தபோதும் வளையம் இல்லை. கரைத்த பொருள் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஆகவே வளையத்துக்குக் காரணம் கோப்பியின் குணமன்று. விளிம்பின் பிடிவாதமும் வற்றலின் ஏற்றத்தாழ்வுமே. சுவரை நனைத்தும், வெயிலைத் தவிர்த்தும், ஈர ஓரத்தோடு ஈர ஓரத்தைச் சேர்த்தும் வெள்ளையடித்தோர் செய்துவந்ததும் இவ்விரண்டையும் அடக்குவதற்கான உபாயங்களே.

வளையம் விழாத துளிகளும் உண்டு. சைவ நேயர்க்கு உவப்பாகாத எடுத்துக்காட்டு ஒன்று: விஸ்கித் துளி காய்ந்தால் வளையமின்றி ஒரே சீராகப் படிகின்றது. மதுசாரம் நீரிலும் விரைவாக வற்றுவதால் மரங்கோனி ஓட்டங்கள் எழுந்து துளியைக் கலக்குகின்றன. அதிலுள்ள வேறு சில பொருள்கள் படிந்தவற்றைத் தட்டோடு பிணிக்கின்றன. பிரின்சுற்றன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் இதனை விளக்கினர். துணிக்கையின் வடிவமும் ஒரு காரணமாகலாம். 2011 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் உருண்டையான துணிக்கைகளை இழுத்து நெல்மணி போல் நீட்டிப் பார்த்தனர். நீண்ட துணிக்கைகள் நீர்ப்பரப்பை நெளியச்செய்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, விளிம்புக்குச் செல்லாமல் வழியிலேயே தங்கிவிட்டன. அச்சுமை, மருத்துவச் சோதனைத் தட்டு முதலியவற்றிற் சீரான பூச்சு வேண்டுவோருக்கு இவை பெருமதிப்புள்ள செய்திகள்.

கீரிமலைக்கு நெருங்கிய செய்தி யப்பானிலிருந்து வந்தது. அங்கே நிகோன் பல்கலைக்கழகத்து அக்கியோ நாக்ககாரா என்பார், மற்சுவோ என்பவருடன் சேர்ந்து, கல்சியங் காபனேற்றுப் பொடியை, அதாவது சுண்ணக்கல் எதனால் ஆனதோ அப்பொருளையே, நீரிற் குழைத்துத் தட்டிலிட்டார். தட்டைச் சிறிது நேரம் ஒரே திசையில் இப்படியும் அப்படியும் அசைத்து, பின் அசையாது வைத்து உலரவிட்டார். சாதாரணமாக அத்தகைய குழம்பு, வற்றிய குளத்துச் சேறு போல் ஒழுங்கற்ற துண்டங்களாக வெடிக்கும். இதுவோ, அசைத்த திசைக்குக் குறுக்கே வரிவரியாக வெடித்தது. அசைவு நின்று நெடுநேரமாகியும் குழம்பு அதனை மறக்கவில்லை. துணிக்கைகளின் அடுக்கில் ஒளிந்திருந்த அந்த நினைவை நீர் நீங்கிய பின்னரே வெடிப்புகள் வெளிக்காட்டின. 2005 இல் வெளியான இம்முடிவு பலரை இத்துறைக்கு இழுத்தது. உலர்ந்த வெடிப்புகளின் வடிவங்களைப் பற்றி 2015 இல் வெளிவந்த நூலொன்றில், நாக்ககாராவோடு கொல்கத்தாவைச் சேர்ந்த சுசாதா தரப்தார், தபதி தத்தா என்னும் இரு பெண் அறிஞரும் ஆசிரியராக உள்ளனர்.

உலர்ந்த தடம் நீரின் வரலாற்றைச் சொல்லுமென்றால், நீரையே உயிராகக் கொண்ட குடாநாட்டுக்கு அது விளையாட்டுச் செய்தியன்று. யாழ்ப்பாணத்தின் நன்னீர், சுண்ணக்கல்லின் துளைகளிலே, கனத்த கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபன் 1888 அளவிலும், செருமானியரான எர்சுபேர்க்கு 1901 இலும் கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே 1 அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரப் பார்க்கும் என்பது இக்கணக்கின் மறுபுறம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அடுக்கைக் காட்டும். துலாவும் பட்டையுமாக இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே வில்லைக்குக் காவலாக இருந்தது. நீர்ப்பொறிகள் வந்தபின் அக்காவல் போயிற்று.

உவர் ஏறியதை நாவுக்கு முன்பே துணி காட்டிவிடும். கடலிற் குளித்த வேட்டியை அலசாமற் காயவிட்டால் ஈரம் நின்ற எல்லைகளில் வெண்கோடுகள் நெளியும். கேணியில் அலசிய வேட்டியில் அவ்வளவு தெரிவதில்லை. ஒரு லீற்றர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அத்துளி காயும்போது கட்டங்கட்டமான பளிங்குகள் தெரியும். சுண்ணநீர்த் துளியோ மாப்போன்ற வளையம் விடும். இரண்டும் கலந்திருந்தால் கலந்த கோலம். மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரெபேக்கா லார் முதலியோர் இந்த எளிய உண்மையையே ஒரு கருவியாக்கினர். பலவகைக் குழாய்நீர்த் துளிகளைத் தகட்டில் உலர்த்தி, எஞ்சிய தடங்களைப் படமெடுத்து, அவற்றைப் பார்த்து நீரின் வகையை இனங்காணக் கணினியைப் பழக்கினர். 2020 இல் அம்முயற்சி அச்சேறியது. கைவிரல் ரேகையால் ஆளை அறிவது போல, உலர்ந்த வளையத்தால் நீரை அறிவது அது. கிணறே கதியாக வாழும் ஊர்களுக்கு இதைவிட மலிவான முதற்சோதனை கிடைப்பது அரிது.

முதற்சோதனைதான், முடிந்த சோதனையன்று. உரமும் கழிவும் நிலத்திலிறங்கி யாழ்ப்பாணக் கிணறுகளிற் சேர்க்கும் நைத்திரேற்றைப் பற்றி 1980 களிலிருந்தே ஆய்வாளர் எச்சரித்து வந்துள்ளனர். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மேற்பட்டாற் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அது முற்றக் கரைந்து நிற்பதால், கேத்தில் ஓட்டிலோ கண்ணாடியிற் காய்ந்த வளையத்திலோ கண்ணால் அதனைப் பிரித்தறிய இயலாது. வெண்வளையம் கடுமையாக உள்ள நீர் பெரும்பாலும் வெறுஞ் சுண்ணநீரே. அதனால் கேத்திலுக்குத்தான் கேடு. வளையம் மெலிந்த நீர் நல்லதென்று எண்ணிக் குடிப்பதிலேதான் ஏமாற்றம் இருக்கின்றது.

அக்கல்லுக்கும் ஒரு வரலாறு தொடர்ந்தது. 1950 இல் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. அயலிலுள்ள சுண்ணக்கல் பெருமளவில் அகழப்பட்டுச் சூளைக்குச் சென்றது. 1990 இல் போர் சூழ்ந்தபோது தொழிற்சாலை நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடும் கிணறும் கோயிலும் விட்டு இடம்பெயர்ந்தனர். பலருக்கு அது இரண்டு தசாப்தத்துக்கும் மேற்பட்ட பிரிவாயிற்று. போர் 2009 இல் முடிந்த பின்னர் நிலங்கள் பகுதிபகுதியாக விடப்பட்டன. போரிற் சேதமுற்ற நகுலேசுவரத்துக்கு 2012 இற் குடமுழுக்கு நடைபெற்றது. ஆடி அமாவாசைக்கு மக்கள் மீண்டும் கேணிக்கு வருகின்றனர். கல் அகழ்ந்த பெருங்குழிகள் அப்பகுதியில் இன்னும் இருக்கின்றன. வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய ஆவணி, புரட்டாதியில் குடாநாட்டுக் கிணறுகளின் நீர் மிகக் கீழே இறங்கும். அப்போது உட்சுவர்க் கல்லில், நீர் நின்று சென்ற மட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெண்கோடுகளாய்த் தெரியும்.